1873-ம் வருடச் சட்டமும் நம்ம ஊர் முகாமும்

இலங்கையில் மனநோயாளிகளுக்கென்று சட்டம் வந்த வருடம் 1873. விக்டோரியா ராணி காலம்! பைத்தியக்காரர்களை எங்கே அடைப்பது, அதற்கு எந்த நீதிபதி உத்தரவு போடுவது, இதுதான் அந்தச் சட்டத்தின் கவலை. 1956-ல் திருத்தினார்கள். நோயாளி தானாக வந்து சேரவும் வழி வைத்தார்கள். அதற்கப்புறம் 1983-லிருந்து 2009 வரை போர், நடுவில் 2004 சுனாமி. இவ்வளவுக்கும் பிறகு அதே பழைய சட்டம்தான் நிற்கிறது. 2005-ல் கொண்டுவந்த மனநலக் கொள்கை புதுச் சட்டம் வேண்டும் என்றது. வரைவுகளும் எழுதினார்கள். வரைவு வரைவாகவே கிடக்கிறது.

ஒன்றைப் பாராட்டியே ஆகவேண்டும். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கும் பிரிவை அவர்கள் 1998-லேயே தூக்கிவிட்டார்கள். நாம் அந்தப் புத்திக்கு வர 2017 ஆனது.

"போரில் பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குச் சட்டப் புத்தகமா வேணும்? டாக்டரை அனுப்புய்யா" என்று சிலர் சொல்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் டாக்டர் வராவிட்டால் யாரைக் கேட்பாள்? கொள்கை என்பது மந்திரி கொடுக்கும் வாக்கு, அடுத்த மந்திரி மறந்துவிடலாம். சட்டம் இருந்தால் கோர்ட்டுக்குப் போகலாம். அதைவிட முக்கியம், அவளை அவள் விருப்பமில்லாமல் அடைத்துவைத்தால் வெளியே வர ஒரு கதவு வேண்டுமே. இத்தனை வருடம் போர் நடந்த நாட்டில், ஒரு ஆளைப் பிடித்து உள்ளே வைக்கும் அதிகாரம் எவ்வளவு ஆபத்தானது என்று நான் சொல்லியா தெரியவேண்டும்?

நாம் ரொம்ப யோக்கியம் என்று சொல்லவில்லை. நம்மிடம் 1912 சட்டம், பிறகு 1987 சட்டம். அது அமலில் இருக்கும்போதுதான் 2001 ஆகஸ்ட் 6-ந்தேதி ஏர்வாடியில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப்போட்டிருந்தார்கள், ஓட முடியவில்லை, 28 பேர் இறந்தார்கள். சங்கிலி எந்த வடிவிலும் கூடாது என்று சட்டத்தில் எழுத 2017 வரை ஆயிற்று.

இதெல்லாம் தருமபுரிக்காரனுக்கு எதற்கு என்பீர்கள். நாகாவதி அணை, தும்பலஅள்ளி அணை பக்கம் போயிருக்கிறீர்களா? அந்தப் போரிலிருந்து தப்பி வந்தவர்களின் முகாம்கள் அங்கே இருக்கின்றன. 2021-ல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள், நல்லது. பெயர் மாறினால் ராத்திரி தூக்கம் வந்துவிடுமா?

நம் 2017 சட்டத்தின் 18-வது பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசுப் பணத்தில் நடக்கும் இடங்களில் மனநல சிகிச்சை பெற "ஒவ்வொரு நபருக்கும்" உரிமை உண்டு என்கிறது. "ஒவ்வொரு குடிமகனுக்கும்" என்று இல்லை. குடியுரிமை இல்லாத அந்த முகாம்காரருக்கும் அது பொருந்தும். சட்டம் படிக்கிற நண்பர்கள் அந்த ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அணைப்பக்கம் வாருங்கள், நானும் வருகிறேன்.