நன்கொடை என்னும் சொல்லும் பழைய மடிக்கணினியும்

பல்கலைக்கழகத் துறைகளிலும் அலுவலகங்களிலும் ஐந்தாறு ஆண்டுகள் உழைத்து ஓய்ந்த மடிக்கணினிகள் ‘நன்கொடை’ என்னும் பெயரில் தொண்டு அமைப்புகளின் வாசலுக்கு மூட்டை மூட்டையாக வந்து சேர்கின்றன. இச்சொல்லில் முன்னொட்டி நிற்கும் ‘நல்’ என்பது யாருக்கு நல்லது என்னும் வினாவை, அம்மூட்டையைப் பிரிப்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

பிரிப்பவர் முதலில் பார்ப்பது மின்கலத்தை. உப்பிய லித்தியம் மின்கலத்தில் அழுத்தமோ துளையோ பட்டால் தீப்பிடிக்கும். அதை உடனே தனியே ஒதுக்கியாக வேண்டும். பிறகே சார்ஜர் உண்டா, திரை தெளிவா, கீல் உடைந்துள்ளதா என்னும் சோதனைகள். இவற்றையெல்லாம் கடந்து வரும் கணினியும் பயாஸ் கடவுச்சொல்லில் மாட்டிக்கொள்வதுண்டு. உரிமையாளரின் கணக்குப் பூட்டு நீக்கப்படாமல் வரும் ஆப்பிள் கணினி, எவ்வளவு புதியதாயினும் உதிரிப்பாகக் குவியலுக்கே போகும். இரண்டு நிமிட வேலையைக் கொடுத்தவர் செய்யாததால் ஒரு நல்ல இயந்திரம் சாகிறது.

வன்வட்டின் கதை இன்னும் சிக்கலானது. சுழலும் பழைய வட்டில் முழுமையாக மேலெழுதினாலே தரவு அழிந்துவிடும். எஸ்.எஸ்.டி. வட்டு தரவை வெவ்வேறு இடங்களுக்கு மாற்றி மாற்றி எழுதும் இயல்புடையது; ஆதலால் அதற்கே உரிய அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாத நிறுவனங்கள் எல்லா வட்டுகளையும் துளையிட்டுவிடுகின்றன. அச்சம் நியாயமானது. மாணவர்களின் மதிப்பெண், களப்பணித் தகவலாளர்களின் குரற்பதிவு எனப் பலவும் அவற்றுள் இருக்கும். ஆயினும் முறையாக அழிக்கக்கூடியதை உடைப்பது எச்சரிக்கை ஆகாது, சோம்பல்தான்.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்கழிவு மேலாண்மை விதிகள் புதுப்பிப்போருக்கும் இடம் தருகின்றன. புதுப்பித்த அளவுக்கு உற்பத்தியாளரின் பொறுப்பு ஒத்திவைக்கப்படுகிறது. ஆனால் அங்கும் அளவுகோல் எடையே. இன்னும் நான்காண்டு ஓடக்கூடிய இரண்டு கிலோ கணினியும் நொறுங்கிய இரண்டு கிலோ கணினியும் தராசில் ஒன்றுதான். மடிக்கணினியால் விளையும் சூழல் சுமையின் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே செலவாகிவிடுகிறது என்பதை எண்ணினால், இவ்வளவை போதாமை விளங்கும்.

இதற்கிடையே 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு நின்றது. விண்டோஸ் 11 ஏறத்தாழ 2018க்கு முந்தைய இன்டெல் கணினிகளை முறைப்படி ஏற்பதில்லை. ‘காலாவதி’ என்று பதிவேட்டில் எழுதப்படும் இவற்றில் பல, லினக்ஸ் நிறுவினால் ஆய்வேடு தட்டச்சு செய்யவும் பிராட் மென்பொருளில் ஒலியைப் பகுத்தாயவும் தாராளமாகப் போதும். (சொந்தக் கணினி இன்றி நூலகத்தில் முறைக்குக் காத்திருக்கும் முதுகலை மாணவர் எந்தத் துறையில் இல்லை?)

தரம் பிரிக்கப்படாமல் பழைய சாமான் வணிகர் கைக்குப் போனவை தில்லி சீலம்பூரின் சந்துகளில் பிரிக்கப்பட்டு, அவற்றின் பலகைகள் மொராதாபாத் போன்ற இடங்களில் செம்புக்காக எரிக்கப்பட்ட வரலாறு நாடறிந்தது. அப்புகையைச் சுவாசித்தவர்கள் எந்த நன்கொடைச் சான்றிதழிலும் இடம்பெறவில்லை.

ஆகவே கழிவுப் பதிவேட்டில் கையொப்பமிடும் துறைத்தலைவர், அதற்கு முன்பே சார்ஜரை உடன் வைத்து, பூட்டுகளை நீக்கி, தரவை அழித்த பதிவை இணைத்து, ஓடுவது எது ஓடாதது எது என ஒரு தாளில் எழுதித் தரட்டும். அதன்பின் அதை நன்கொடை என்று அழைக்கலாம்.