ஊர்லியா, காலனிலியா?

கோடை விடுமுறை வந்தால் போதும், பத்திரிகைகளில் ஒரே மாதிரிக் கட்டுரைகள் வரும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போன கதை. பாட்டி வீட்டுத் திண்ணை, மாந்தோப்பு, பம்புசெட்டுக் குளியல். கடைசியில் ஒரு உபதேசம்: நகரத்துப் பிள்ளைகள் தங்கள் வேர்களை அறிய வேண்டுமாம். இதை எழுதுகிறவர்களின் பாட்டி வீடு ஊருக்குள்ளே இருக்கிறது. எங்கள் ஆயா வீடு ஊருக்கு வெளியே இருக்கிறது. அந்த மாந்தோப்பு எங்கள் ஆயா கூலிக்குப் போன இடம். அந்தத் திண்ணை அவள் ஏறாத இடம். எங்கள் பிள்ளைகளும் வேர்களை அறியத்தான் செய்கிறார்கள். ஊர் போய்ச் சேருவதற்கு முன்னால், பஸ்ஸிலேயே அறிந்துவிடுகிறார்கள்.

இன்னொரு பக்கம் முற்போக்குத் தோழர்கள். ரோடு வந்துடுச்சு, பஸ் வந்துடுச்சு, ஒரே சீட்டில் ஒட்டிக்கொண்டு போகிறோம், இனிமே ஏது சாதி என்று கேட்கிறார்கள். இந்த நம்பிக்கைக்குப் பெரிய ஆளின் துணையும் உண்டு. 1853இல் மார்க்ஸ் ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் இந்தியாவைப் பற்றி எழுதினார். ரயிலோடு வருகிற நவீனத் தொழில், சாதிக்கு அடித்தளமான பரம்பரைத் தொழில் பிரிவினையைக் கலைத்துவிடும் என்றார். அதே வருசம்தான் பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியது.

ரயில் வந்து 48 வருசம் கழித்து என்ன நடந்தது? அந்த ரயிலிலேயே போன ஒரு பிள்ளை பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற பொருள்படும் தலைப்பில் வந்த அந்த நினைவுக் குறிப்பு, அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து 1990இல்தான் புத்தகமாயிற்று. அந்தப் பிள்ளை பீமராவ் அம்பேத்கர்.

1901, கோடை விடுமுறை. பஞ்ச நிவாரணத்துக்காக ஏரி வெட்டும் இடத்தில், கோரேகானில், அப்பாவுக்குக் காசாளர் வேலை. சதாராவில் இருந்த பிள்ளைகளை வரச் சொல்லிக் கடிதம் போடுகிறார். பீமராவ், அவருடைய அண்ணன், இறந்துபோன அக்காவின் பிள்ளைகள் என்று எல்லாரும் சிறுசுகள். புதுச் சட்டை, சரிகைத் தொப்பி, பட்டுக்கரை வேட்டி. முதல் ரயில் பயணம். மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். அப்பா வரவில்லை. இவர்கள் போட்ட கடிதத்தை அவரிடம் சேர்க்க வேலையாள் மறந்துவிட்டான். ஸ்டேஷன் மாஸ்டர் வந்து அன்பாக விசாரிக்கிறார். உடுப்பைப் பார்த்து மேல்சாதிப் பிள்ளைகள் என்று நினைத்துக்கொள்கிறார். யார் நீங்க என்கிறார். மகர் என்று பிள்ளை உள்ளதைச் சொல்கிறது. அவர் முகம் மாறிவிடுகிறது.

அப்புறம் எந்த வண்டிக்காரனும் ஏற்றவில்லை. கையில் காசு இருக்கிறது, இரட்டை வாடகை தருகிறோம் என்றும் சொல்லியாயிற்று. கடைசியில் ஒரு ஏற்பாடு: பிள்ளைகளே மாட்டைப் பிடித்து ஓட்ட வேண்டும், வண்டிக்காரன் பக்கத்தில் நடந்து வருவான். வண்டியில் சோறு இருக்கிறது, தண்ணீர் இல்லை. தண்ணீரில்லாமல் சோறு இறங்கவில்லை. ராத்திரி சுங்கச்சாவடிக்குப் போய், நாங்க முஸ்லிம் என்று உருதுவிலேயே பேசித் தண்ணீர் கேட்கிறார் சிறுவன். உங்களுக்கு யார் தண்ணி வெச்சிருக்கான் என்று பதில் வருகிறது.

இந்த இடத்தைக் கவனியுங்கள். ஸ்டேஷனில் உண்மையைச் சொன்னார்கள், வண்டி இல்லை. சாவடியில் மறைத்துச் சொன்னார்கள், தண்ணீர் இல்லை. இதை நாம் பின்னால் பார்ப்போம்.

1929இல் அதே அம்பேத்கர் பாரிஸ்டர். பம்பாய் அரசு அமைத்த விசாரணைக் குழுவில் உறுப்பினர். சாலிஸ்கானில் இறங்குகிறார். மகரை ஏற்றிக்கொண்டு ஓட்ட எந்தக் குதிரை வண்டிக்காரனுக்கும் மனமில்லை. வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழக்கமில்லாத நம் ஆள் ஒருவர் ஓட்டுகிறார். பாலத்தில் குதிரை மிரண்டு அம்பேத்கர் தூக்கியெறியப்படுகிறார். கால் எலும்பு முறிகிறது. ரயில், படிப்பு, பதவி எல்லாம் இருந்தது. சாதியும் டிக்கெட் எடுத்துக்கொண்டு கூடவே வந்தது.

அது மராட்டியக் கதை, பழங்கதை என்பார்கள். சரி, எங்கள் புதுச்சேரிக்கே வருவோம்.

சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று பேசிய பிரான்சு ஆண்ட ஊர் இது. சனி, ஞாயிறு ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக் கார்கள் வந்து குவியும். மஞ்சள் சுவருக்கு முன்னால் பிள்ளைகளை நிற்க வைத்துப் படம் எடுப்பார்கள். அந்த மஞ்சள் சுவர் இருப்பது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வெள்ளை நகரம். இந்தப் பக்கம் கறுப்பு நகரம். இன்னொரு சுவரும் இங்கே இருந்தது. தேவாலயத்துக்கு உள்ளேயே பறையர்களைப் பிரித்து வைத்த சுவர். அதைச் சுற்றி எழுந்த தகராறு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில், 1745இல், பதிவாகியிருக்கிறது. அந்தச் சுவருக்கு முன்னால் யாரும் படம் எடுப்பதில்லை.

1881இல் பிரெஞ்சு அரசு ஒரு ஆணை போட்டது. சாதி, மத வழக்கங்களைத் துறந்து, புதுக் குடும்பப்பெயர் வைத்துக்கொண்டால் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். எங்கள் சனங்களில் பலர் துறந்தார்கள். பெயர் மாறியது, குடியிருக்கிற தெரு மாறவில்லை. இன்றைக்கும் கேட்பவர்கள் பெயரைக் கேட்பதில்லை, தெருவைத்தான் கேட்கிறார்கள்.

எனக்கு அம்மா வீடு விழுப்புரம் பக்கம், கட்டிக்கொடுத்தது புதுச்சேரி. சுமார் 40 கிலோமீட்டர். வில்லியனூர் புதுச்சேரி, கண்டமங்கலம் தமிழ்நாடு, திருபுவனையும் மதகடிப்பட்டும் மறுபடி புதுச்சேரி, வளவனூர் மறுபடி தமிழ்நாடு. எல்லையைச் சாராயக்கடையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். போன கோடையில் ரெண்டு பிள்ளைகளோடு ஆயா வீட்டுக்குப் போனேன். பெரியவனுக்கு எட்டு வயசு, சின்னவளுக்கு அஞ்சு. பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர். வெள்ளை வேட்டி, நல்ல மனுசன். சின்னவளுக்குக் கடலை மிட்டாய் கொடுத்தார்.

"எங்க கண்ணு போறீங்க?"

"ஆயா வூட்டுக்கு."

பிள்ளை ஊர்ப் பேரைச் சொன்னது.

"ஊர்லியா, காலனிலியா?"

"மாரியம்மன் கோயிலாண்ட."

"எந்த மாரியம்மன் கோயிலு?"

ஊருக்கொரு மாரியம்மன், காலனிக்கொரு மாரியம்மன் என்று அஞ்சு வயசுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அது என் முகத்தைப் பார்த்தது. "காலனிதாங்க" என்றேன். அவர் திட்டவில்லை, எழுந்து போகவும் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வளவனூர் வரைக்கும் திரும்பவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவன் என் காதில் கேட்டான்: "யம்மா, அந்தத் தாத்தா ஏன் அப்பறம் பேசல?"

இதுதான் ஒட்டி உரசி உட்காரும் பஸ். இதில் தீண்டாமைக் குற்றம் எது, காட்டுங்கள் பார்ப்போம். கடை, ஓட்டல், கிணறு, சாலை எல்லாருக்கும் பொது என்கிறது அரசியல் சட்டம். தனிக் குவளை வைத்தால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடலாம். கடலை மிட்டாய் கொடுத்துவிட்டு 'எந்தத் தெரு கண்ணு' என்று கேட்டால் எந்த ஸ்டேஷனில் போய் எழுதிக் கொடுப்பது?

எல்லையில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1964இல் புதுவைக்கென்று தனியாக அட்டவணைச் சாதிப் பட்டியல் போட்டார்கள். ஒரு மாநிலத்துப் பட்டியல் சாதியார் வேறு மாநிலத்துக்குக் குடிபோனால் அங்கே அந்த உரிமையைக் கோர முடியாது என்று 1990இல் மாரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அன்றிலிருந்து பூர்வீகமா, குடிபெயர்ந்தவளா என்று இங்கே எங்களுக்குள்ளேயே சண்டை. வளவனூர் தாண்டி வாழ்க்கைப்பட்டு வந்தவளின் சான்றிதழுக்குப் பலம் இல்லை. அவளைக் காலனியாள் என்று அடையாளம் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு மட்டும் எந்த எல்லையும் இல்லை.

பேச்சை நிறுத்தியதோடு போயிற்றே என்று ஆறுதல் சொல்ல வேண்டாம். நிறுத்தாத இடங்களும் உண்டு. 1997இல் விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தார்கள். பள்ளன் பேர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று கலவரம் செய்தார்கள். அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்கள் பெயரையும் எடுத்துவிட்டது. அதே 1997 ஜூன் 30இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் ஐந்து பேரையும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். 2024 பிப்ரவரியில் தர்மபுரி மாவட்டத்தில், மாட்டுக்கறி எடுத்துப்போன வயதான தலித் பெண்ணை அரசு பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறக்கிவிட்டார்கள். 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில், பரீட்சை எழுதப் பஸ்ஸில் போன பள்ளிப் பிள்ளையை வெளியே இழுத்துப் போட்டுக் கைவிரல்களை வெட்டினார்கள். சாதியைக் கலைக்க வந்த வாகனத்தின் வரலாறு இது, தோழர்களே. நிலம் யாரிடம் இருக்கிறது, எந்தத் தெருவில் யார் குடியிருப்பது என்பது மாறாதபோது, சக்கரம் சுற்றி என்ன ஆகும்?

2025 ஏப்ரல் 29 அன்று, 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். அந்தச் சொல் எங்கள் பிள்ளைகளை எவ்வளவு சுட்டது என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் சேரி போய்க் காலனி வந்ததையும் பார்த்தவர்கள் நாங்கள். காலனி போனால் 'புதுத்தெருவா, நகரா' என்று கேட்பார்கள். கேட்கிற வாய் அப்படியே இருக்கிறது.

இப்போது 1901க்குத் திரும்ப வேண்டும். நம்மில் படித்து வேலைக்குப் போனவர்கள் பலர் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லிக் கொடுக்கிறார்கள். 'பஸ்ல யாராச்சும் கேட்டா ஊர்லன்னு சொல்லு', 'டவுன்ல இருக்கோம்னு மட்டும் சொல்லு.' வேறு சிலர், 'தைரியமா காலனின்னு சொல்லு, என்ன பயம்' என்கிறார்கள். ரெண்டு பேரும் பிள்ளையின் நாக்கின் மேல்தான் பாரத்தை வைக்கிறார்கள். மசூரில் சொன்ன உண்மைக்கு வண்டி வரவில்லை, சாவடியில் சொன்ன பொய்க்குத் தண்ணீர் வரவில்லை. பிள்ளையின் பதிலில் குற்றம் இல்லை. விசாரிக்கப்பட வேண்டியது கேள்வி.

ஆகவே பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே அந்த மாட்டுவண்டிக் கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். முகத்தைத் திருப்பிக்கொண்ட தாத்தாவிடம் தன் தப்பு என்னவென்று தேடாத பிள்ளையாக அது வளரும். 'நீங்க எந்தத் தெரு தாத்தா? எதுக்குக் கேக்கறீங்க?' என்று மரியாதையாகவே திருப்பிக் கேட்கப் பழக்குவோம். மாணவத் தோழர்கள் தங்கள் ஊர் பஸ்ஸில் கேட்கப்பட்ட கேள்விகளை ஊர், தேதியோடு எழுதி இந்த இதழுக்கு அனுப்ப வேண்டும். ஆவணமாகட்டும்.

சாதி இந்து எழுத்தாளர்களுக்கும் ஒன்று. பாட்டி வீட்டுக் கட்டுரையை நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த கோடையிலும் எழுதுங்கள். அந்தத் திண்ணையில் யார் உட்காரவில்லை, அந்தத் தொட்டியில் யார் பிள்ளை இறங்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எங்கள் பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்வதற்கு முன்னால், பக்கத்து சீட்டுப் பிள்ளையிடம் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லுங்கள்.