தூரிகையே, துணிந்து சாட்சி சொல்!

ஓவியம் என்றால் ஒய்யார மயிலும், ஓடைத் தாமரையும், அந்தி வானமும், அழகு மங்கையுமே என்று எண்ணுவோர் இன்றும் இருக்கின்றனர். "அகதியின் அவலத்தைத் தீட்டுவதா கலை? அது அரசியலன்றோ!" என்று முகஞ்சுளிக்கின்றனர். ஆம், அரசியல்தான்! ஒரு மக்களினத்தின் பெயரையே ஏட்டிலிருந்து அழித்தது அரசியல் என்றால், அவர்களைத் திரைச்சீலையில் எழுதிக் காட்டுவது மட்டும் அரசியலற்றதாக இருப்பதெப்படி என்று கேட்கிறோம்.

மியான்மர் நாட்டு அரக்கானிலே வாழையடி வாழையாக வாழ்ந்தவர் ரோஹிங்கியா மக்கள். 1982-இல் நெ வின் ஆட்சி ஒரு குடியுரிமைச் சட்டம் இயற்றிற்று. 1823-க்கு முன்பே குடியிருந்த இனத்தவரே பிறப்பால் முழுக் குடிமக்கள் என்றது. ஆட்சியாளர் ஏற்ற 135 இனங்களின் பட்டியலிலே ரோஹிங்கியாவுக்கு இடமில்லை. ஆனால், அரக்கானில் நெடுங்காலமாக வாழும் முஸ்லிம்கள் தம்மை இப்பெயராலேயே அழைத்துக்கொள்வதாக, பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர் 1799-இலேயே எழுதி வைத்திருக்கிறாரே! 1799 முந்தியதா, 1823 முந்தியதா? சிறுபிள்ளையும் சொல்லும் கணக்கு, சீருடையாளருக்குத் தெரியாதா? தெரியும்! அன்பைப் போதித்த புத்தரின் பெயரால் பகை வளர்த்த துறவிகளின் குரலும், துப்பாக்கியின் குரலும் ஒன்றானபோது, கணக்கு எடுபடவில்லை. 2017 ஆகஸ்டில் ஊர்கள் எரிந்தன. 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்கு ஓடினர். காக்ஸ் பஜாரின் மூங்கில் குடிசையே இன்று அவர்தம் உலகம்!

இத்துயரை எடுத்துரைக்கத் தூரிகைக்கு வலிவுண்டா? உண்டு. 1943-இல் வங்கத்துப் பஞ்சத்தைக் கறுப்பு மையினால் வரைந்து நூலாக வெளியிட்டார் ஓவியர் சித்தபிரசாத். படிகளைப் பறித்து அழித்தது வெள்ளையராட்சி. வெறும் கோடுகள்தாமே, ஏன் அஞ்சிற்று ஆதிக்கம்? எலும்புக்கூட்டைக் கண்டவன், இதனை உண்டாக்கியவன் எவன் என்று கேட்பான் என்பதற்காக!

எனவே ஓவியத் தோழர்களுக்கு நாம் சொல்வோம்: கண்ணீர் வடிக்கும் தாயையும் கவிழும் படகையும் தீட்டியதோடு நின்றுவிடாதீர். "ஐயோ பாவம்" என்பர். அடுத்த படத்துக்கு நகர்வர். படகைத் துரத்திய துப்பாக்கியையும், துப்பாக்கிக்குத் துணைநின்ற சட்டத்தையும் சேர்த்துத் தீட்டுக! இது தலைவிதியன்று, புயலின் சீற்றமன்று, பேனா முனை செய்த கொடுமை என்பது காண்பவன் நெஞ்சிலே பதியட்டும்.

இன்னொன்றும் சொல்வோம். முகாமிலே அம்மக்களே தூரிகை ஏந்திச் சுவர்களிலே தம் வாழ்வைத் தீட்டுகின்றனர். அவர்களைப் பற்றி வரைவோர், அவர்களைக் கேட்டு வரையட்டும். பெயர் மறுக்கப்பட்டோரை முகமற்ற கூட்டமாகத் தீட்டுவது, ஆட்சி செய்த அழிப்பையே வண்ணத்தில் மீண்டும் செய்வதாகும்.

ரோஹிங்கியரைக் காத்திட வேண்டுமென 2020 ஜனவரியில் அனைத்துலக நீதிமன்றம் மியான்மருக்கு ஆணையிட்டது. ஆணை ஏட்டிலே, மக்கள் முகாமிலே! ஓவியம் குடியுரிமை வழங்காது, அறிவோம். ஆயினும், "இப்படியோர் இனமே இல்லை" என்ற பொய்க்கு முன்னால், "இதோ இருக்கிறோம்" என்று நிற்கும் சாட்சி அது. இளைஞர்களே, அந்தச் சாட்சியை ஊரறியச் செய்வது நம் கடன்!