உறுதிமொழி எடுத்தாச்சு... அடுத்த நாள் என்ன?

ஜூன் 26, சர்வதேச போதைப்பொருள் ஒழிப்பு நாள். பேரணி, ஓவியப் போட்டி, பிரேயரில் உறுதிமொழி என்று பள்ளிகள் பரபரப்பாகிவிடும். நான் ஒன்பதாவது படிக்கும்போது வெயிலில் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தோம். கையில் பிடித்திருந்த அட்டையில் என்ன எழுதியிருந்தது என்பது மறந்துபோச்சு. முடிவில் கொடுத்த ஜூஸ் மட்டும் ஞாபகம் இருக்கு.

2022 ஆகஸ்ட்டில் 'போதைப்பொருள் இல்லாத தமிழ்நாடு' என்று மாணவர்கள் பெரிய அளவில் உறுதிமொழி எடுத்தார்கள். நோக்கம் நல்லதுதான். டாஸ்மாக் நடத்துற அரசே இதையும் வாசிக்குதே என்று மீம் போட்டவர்களையும் குறை சொல்ல முடியாது. ஆனால் கேள்வி வேறு: இதனால் பலன் உண்டா?

அமெரிக்கா இதைப் பரிசோதித்துப் பார்த்துவிட்டது. 1983-ல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய 'டேர்' திட்டத்தில் போலீஸ்காரர்களே வகுப்புக்கு வந்து பாடம் எடுத்தார்கள். அந்நாட்டின் கணக்குத் தணிக்கை அமைப்பு, இதுபற்றிய நீண்டகால ஆய்வுகளை 2003-ல் தொகுத்துப் பார்த்தது. டேர் படித்த மாணவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் போதைப் பழக்கத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை!

ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகமும் இதையேதான் சொல்கிறது. பயமுறுத்தும் படங்கள், ஒருவழிப் பேச்சு, போதையிலிருந்து மீண்டவரின் கதை இதெல்லாம் பெரிதாக வேலை செய்வதில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியர், பிள்ளைகளைப் பேசவைத்து, நடிக்கவைத்து, தொடர்ச்சியாக நடத்தும் வகுப்புகள் வேலை செய்கின்றன. "மச்சி, ஒண்ணே ஒண்ணுடா"ன்னு உயிர்த் தோழன் நீட்டும்போது நட்பும் கெடாமல் எப்படி மறுப்பது? இதை மைக்கில் சொல்லித்தர முடியாது. 'எல்லாரும்தான் பண்றாங்க' என்ற நினைப்பு தப்பு என்று காட்டுவதும் முக்கியம்.

இன்னொன்று. நம்ம உறுதிமொழிகள் கஞ்சா, மது என்றே பேசுகின்றன. 2019-ல் வெளியான எய்ம்ஸ் தேசிய ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாக இருந்த ஒரே போதை வகை எது தெரியுமா? முகர்ந்து போதை ஏற்றும் பொருட்கள். ஸ்டேஷனரி கடையிலும் ஹார்டுவேர் கடையிலும் கிடைப்பவை. அடுத்தது, பள்ளிப் பைகளில் சிக்கும் 'கூல் லிப்'. மாணவர்களிடம் இது புழங்குவது பற்றி 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே கவலை தெரிவித்தது.

சிக்கினால் என்ன நடக்கிறது? பல இடங்களில் டிசி கொடுத்து அனுப்பிடுவாங்க. இதுதான் ஆபத்து. பள்ளியோடு இருக்கும் பிணைப்பே பிள்ளையைக் காக்கும் வேலி. அதைப் பிடுங்கிவிட்டுத் தெருவில் விட்டால், அங்கே காத்திருப்பது யார்? கண்டிப்பு இருக்கட்டும், கூடவே கவுன்சலிங்கும் இருக்கட்டும், வகுப்பில் அவனுக்கு இடமும் இருக்கட்டும்.

பையில் வைத்திருந்தவனைப் பிடிக்கிற அக்கறை, விற்றவரைப் பிடிப்பதிலும் வேணும். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்பது 2003 சட்டம். சிறுவர்களுக்கு மது, புகையிலை, போதைப்பொருள் கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது சிறார் நீதிச் சட்டத்தின் 77-வது பிரிவு. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மிஸ்கிட்ட மார்க் பற்றிக் கேட்கும்போது, எதிர்ப் பெட்டிக்கடை பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வீட்டில் சந்தேகம் வந்தால், அடிக்கக் கை ஓங்குவதற்கு முன்னால் 14446-க்குப் பேசுங்கள். மீட்பு ஆலோசனைக்கான தேசிய இலவச எண். பிள்ளைகள் தாங்களே உதவி கேட்க 1098.