பாராமல் கொடுத்த பந்து

மாலை வேளையில் பேத்தமங்களா ஏரிக்கரைப் பக்கம் செல்லும் அன்பர்கள், அங்கே நம் பிள்ளைகள் கால்பந்து ஆடுவதைக் கண்டிருப்பர். சென்ற மாதம் ஒரு நாள் நாமும் சிறிது நேரம் நின்று பார்த்தோம். பதின்மூன்று வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன், ஊன்றிய இடக்காலுக்குப் பின்புறமாக வலக்காலை வளைத்துப் பந்தைத் தட்டினான். பந்து தோழனிடம் சேரவில்லை. எதிரணியிடம் சென்று கோலாக முடிந்தது. கரையில் நின்ற பெரியவர் ஒருவர், "நேராகக் கொடுக்கத் தெரியாதவனுக்கு இந்த மினுக்கு எதற்கடா?" என்று அதட்டினார். மறுவாரம் சென்றபோது அச்சிறுவன் கோல் காத்துக்கொண்டிருந்தான். முன்னால் ஆட அவனை விடுவதில்லையாம்.

பெரியவர் சொல்லில் நியாயம் உண்டு. சிறுவனின் ஆசையிலும் நியாயம் உண்டு. இவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்ப்போம்.

அவன் செய்து பார்த்த வித்தைக்கு 'ரபோனா' என்று பெயர். அர்ஜென்டீனா நாட்டுப் பேச்சு வழக்கில் அச்சொல் பள்ளிக்கு மட்டம் போடுவதைக் குறிக்கும். 1948-ஆம் ஆண்டில் ரிக்கார்டோ இன்ஃபான்தே என்னும் ஆட்டக்காரர் இம்முறையில் ஒரு கோல் அடித்தார். இன்ஃபான்தே என்றால் அவர்கள் மொழியில் குழந்தை என்றும் பொருள்படும். 'மட்டம் போட்ட குழந்தை' என்று பத்திரிகை ஒன்று வேடிக்கையாக எழுத, அப்பெயர் நிலைத்துவிட்டது என்பர்.

எதிராளியின் இரு கால்களுக்கிடையே பந்தைத் தட்டிவிடுவதற்கு உள்ள பெயர்களோ எண்ணிலடங்கா. பிரெஞ்சுக்காரர் அதைச் 'சின்னப் பாலம்' என்கின்றனர். பிரேசில் நாட்டார் 'பேனா' என்கின்றனர். ஆஸ்திரியாவில் அதற்கு 'வெள்ளரிப் பிஞ்சு' என்று பெயர்! இப்பெயர்களைப் புலவர் எவரும் கூடிச் சூட்டவில்லை. தெருவில் ஆடிய பிள்ளைகளும் வேடிக்கை பார்த்த எளிய மக்களும் தம் வீட்டிலும் வீதியிலும் கண்ட பொருள்களின் பெயரையே சூட்டினர். பெயர் பெற்ற வித்தை ஊர்ச் சொத்தாகிறது. ஒருவன் செய்ததை ஊரார் எல்லாரும் செய்து பார்க்க விழைகின்றனர். இவற்றின் கவர்ச்சிக்கு இஃது ஒரு காரணம்.

மற்றொரு காரணம் ஆட்டத்திற்குள்ளேயே இருக்கிறது. பந்தைத் தடுக்க நிற்பவன், எதிரியின் கண்ணையும் இடுப்பையும் ஊன்றிய காலையும் பார்த்தே பந்து செல்லும் திசையை ஊகிக்கிறான். ஒரு பக்கம் பார்த்து மறு பக்கம் கொடுக்கும் பாஸ் அவன் கண்ணை ஏமாற்றுகிறது. குதிகாலால் கொடுப்பது திசையை ஏமாற்றுகிறது. ரபோனா, எந்தக் காலால் வரும் என்னும் கணக்கையே குலைக்கிறது. ஆகவே, நேர்வழி அடைபட்ட இடத்தில் வேறு வழி திறப்பதற்குப் பிறந்தவையே இவ்வித்தைகள். வழி திறந்திருக்கும்போது செய்தால்தான் அது மினுக்கு.

1982-ஆம் ஆண்டில் பிரேசில் அணியின் தலைவராக விளங்கிய சாக்ரடீஸ், மருத்துவம் படித்துத் தேறியவர். ஆறடிக்கு மேல் உயரம், பாதமோ சிறியது. விரைந்து திரும்புவது அத்தகைய உடம்புக்கு எளிதன்று. திரும்பாமலே குதிகாலால் பந்தைக் கொடுக்கப் பழகினார். உலகம் அதை அழகு என்று கொண்டாடியது. தம் குறையையே அவர் கருவியாக்கிக் கொண்டார்.

1970 ஜூன் 21 அன்று மெக்சிகோ நகரில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், பெலே தமக்கு வந்த பந்தை நிறுத்தி, வலப்புறம் நிதானமாக உருட்டிவிட்டார். அங்கே அப்போது ஒருவரும் இல்லை. பின்னாலிருந்து ஓடி வந்த கார்லோஸ் ஆல்பர்ட்டோ அதைக் கோலாக்கினார். பிரேசில் 4-1 என்ற கணக்கில் இத்தாலியை வென்றது. தோழன் வருவான் என்ற நம்பிக்கையே அந்தப் பாஸின் உயிர்.

இந்த நம்பிக்கை தங்கவயல் குடும்பங்களுக்குப் புதிதன்று. சாம்பியன் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. மேலே கூண்டை இயக்கியவர், கீழே அதில் ஏறிய நம் பாட்டன்மாரைக் கண்ணால் கண்டதில்லை. மணியோசையே அவருக்குச் செய்தி. பாராமல் கொடுத்து, பாராமல் வாங்கி, உயிரோடு வீடு திரும்பியவர்களின் வழிவந்தவர்கள் நாம். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று நம்மில் பலர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் சென்று இருட்டிய பின்னரே திரும்புகின்றனர். பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்கும் பேறு பெற்றோருக்குக் கிட்டுவதில்லை. கரையில் நிற்கும் இரண்டொரு பெரியவர்களின் சொல்லே அவர்களுக்குத் தந்தை சொல்லாகிறது. அச்சொல் எத்தகையதாக இருத்தல் வேண்டும்?

நேரான உதையும் தவறுவது உண்டு. 1948-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் நம்மவருள் பெரும்பாலோர் வெறுங்காலுடன் பிரான்சை எதிர்த்து ஆடினர். பெங்களூர்ச் சாரங்கபாணி ராமன் இந்தியாவுக்காக ஒரு கோல் அடித்தார். ஆயினும் கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாகி, 2-1 என்று தோற்றோம். தடுப்பதற்குக் கோல்காப்பாளர் ஒருவரே நின்ற உதைகள் அவை! தவறியவரை நாடு ஒதுக்கிவிடவில்லை.

ஆகவே பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளை வித்தை காட்டித் தவறினால், "ஏன் செய்தாய்?" என்று அதட்டாதீர்கள், "உன் தோழன் எங்கே நின்றான்?" என்று கேளுங்கள். அக்கேள்விக்கு விடை தேடும் பிள்ளை, மினுக்கையும் வித்தையையும் தானே பிரித்தறிந்து கொள்வான். பிள்ளைகளுக்கும் ஒரு சொல்: நூறு முறை நேராகக் கொடுத்துப் பழகிய கால்தான் ஒரு முறை வளைத்துக் கொடுக்கத் தகுதி பெறும்.

கோலில் நிற்கும் அச்சிறுவனை வரும் ஞாயிறன்று மீண்டும் முன்னால் ஆட விடுவார்கள் என நம்புகிறோம். ரயிலேறும் வேலை இல்லாத நாள் அது. அவன் தந்தையும் கரைக்கு வந்து நின்றால் நன்று.