ஒலிபெருக்கி வந்தது, ஓய்வு நேரம் எங்கே?

பண்டிகைக்காலத் தள்ளுபடி அறிவிப்புகளில் தவறாமல் இடம்பெறும் பொருள்களில் ஒன்று, ஐயாயிரம் முதல் பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ‘ஹோம் தியேட்டர்’. ஐந்து சிறிய ஒலிபெருக்கிகள், அடித்தொனிக்கென ஒரு சப்ஊஃபர், இவற்றை இயக்கும் ஆம்பிளிஃபயர். ஒற்றை அறையில் வாழும் தொழிலாளர் குடும்பங்களும் மாதத் தவணையில் இதனை வாங்குகின்றன. இதனைக் காணும் இயக்கத் தோழர்கள் சிலர், ‘நுகர்வு மோகம்’ என்ற இரு சொற்களில் விசாரணையை முடித்துவிடுகின்றனர். அந்தத் தீர்ப்பு மறுபரிசீலனைக்குரியது.

உயர் அதிகாரியின் வரவேற்பறையில் இலட்ச ரூபாய் ஒலியமைப்பு இருந்தால் அதற்கு ‘இசை ரசனை’ என்று பெயர். அச்சுப்பொறி இயக்குபவரின் வீட்டில் ஏழாயிரம் ரூபாய்ப் பெட்டி இருந்தால் அது ‘ஆடம்பரம்’ ஆகிவிடுகிறது. ரசனை ஒரு வர்க்கத்தின் தனிச்சொத்து என்ற எண்ணமே இதன் அடியில் ஒளிந்திருக்கிறது. நாள் முழுவதும் இயந்திர இரைச்சலைச் சுமந்த காது, இரவில் ஒரு பாடலைத் தெளிவாகக் கேட்க விரும்புவது குற்றமாகாது. இதில் வீட்டுக் கணக்கும் உண்டு. பழைய ஒற்றைத் திரையரங்குகள் நகரந்தோறும் மூடப்பட்டு, வணிக வளாகங்களின் பல்திரை அரங்குகள் அவற்றின் இடத்தைப் பிடித்துவிட்டன. நால்வர் கொண்ட குடும்பம் அங்கே ஒருமுறை சென்றுவர ஆயிரம் ரூபாய் போதாது. சில காட்சிகளின் செலவில் சில ஆண்டுகள் உழைக்கும் பொருளை அக்குடும்பம் தேர்ந்தெடுக்கிறது. இது மோகமன்று, கணக்கு.

ஆனால் அந்தக் கணக்கில் சந்தை பொய்யைக் கலக்கிறது. பெட்டியின் முகப்பில் ‘10,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ என்று பெரிய எழுத்தில் அச்சிடுவது விற்பனையாளர்களின் நெடுநாள் வழக்கம். இந்த அளவைக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட வரையறை எதுவும் இல்லை. தொடர்ந்து வெளிப்படும் உண்மையான ஆற்றலைக் காட்டுவது ஆர்.எம்.எஸ். அளவே. அது மிகச் சிறிய எண்ணாக ஒரு மூலையில் கிடக்கும். சில பெட்டிகளில் அதுவும் இராது. மின்சாரத்திலிருந்து சில பத்து வாட் மட்டுமே பெறும் கருவி, தொடர்ந்து ஆயிரக்கணக்கான வாட் ஆற்றலை வெளியிட இயலாது என்பதற்குப் பள்ளிக்கூட இயற்பியலே போதும். ‘5.1’ என்பதும் பல நேரங்களில் பெயரளவில்தான். ஆறு தடங்களாகப் பதிவான ஒலியைப் பிரித்தறியும் வசதி மலிவான கருவிகள் பலவற்றில் இல்லை. புளூடூத் வழியே வரும் இரு தட ஒலியையே அவை எல்லாப் பெட்டிகளுக்கும் பகிர்ந்தளிக்கின்றன. அதே பணத்தில் வாங்கும் இரண்டு தரமான ஒலிபெருக்கிகள், இத்தகைய ஆறு பெட்டிகளைவிடத் தெளிவாகப் பாடும்.

‘வட்டியில்லாத் தவணை’ அடுத்த பொய். வட்டியே இல்லாத கடன் என்ற கருத்துக்கே இடமில்லை என்றும், வட்டி வேறு கட்டணங்களின் பெயரில் மறைக்கப்படுகிறது என்றும் 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஆயினும் அந்த விளம்பரம் புதிய சொற்களில் இன்றும் தொடர்கிறது.

பொருள் வீட்டுக்கு வந்தபின் எழும் கேள்வி இதனினும் பெரிது. பத்தடிக்குப் பத்தடி அறையில் பின்புற ஒலிபெருக்கிகளை எங்கே வைப்பது? ஐந்தும் ஒரே அலமாரியில் வரிசையாக அமர்கின்றன. சுவருக்கு அப்பால் இரவுப்பணி முடித்து உறங்குபவரும் ஒரு தொழிலாளியே. ஆகவே ஒலியைக் கூட்டவும் முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்பதற்கு நேரம் எங்கே? பன்னிரண்டு மணி நேரப் பணி, இரண்டு மணி நேரப் பயணம். மறுநாள் சமையலுக்கு விடியுமுன் எழும் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. தவணை மாதந்தோறும் தவறாமல் செல்கிறது. ஒலிபெருக்கியின் மீது தூசி படிகிறது.

எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் உறக்கம், எட்டு மணி நேரம் விருப்பப்படி வாழ்தல் என்பதே 1886இல் சிகாகோ வீதிகளில் ஒலித்த முழக்கத்தின் பொருள். இன்று அந்த மூன்றாவது பங்கே பறிக்கப்படுகிறது. 2023இல் கர்நாடகம் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி அன்றாடப் பணியைப் பன்னிரண்டு மணி வரை நீட்டிக்க வழி திறந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாட்டிலும் அத்தகைய மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. ஓய்வு நேரத்தைப் போராடித்தான் காக்க முடியும் என்பதற்கு இதைவிட அண்மைச் சான்று வேண்டியதில்லை.

இயக்கத்திற்கு இன்னொரு கடமையும் உண்டு. கேரளத்தில் 1984இல் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் தொடங்கிய ஒடேசா குழு, ஊர் ஊராகப் படங்களைத் திரையிட்டு மக்களிடம் திரட்டிய பணத்தில் 1986இல் ‘அம்ம அறியான்’ படத்தை உருவாக்கியது. வீடுதோறும் ஒரு திரை வந்துவிட்ட இந்நாளில், சேர்ந்து பார்ப்பதும் பார்த்ததைப் பற்றிச் சேர்ந்து பேசுவதும் அருகி வருகின்றன. கிளை அலுவலகத்திலோ படிப்பகத்திலோ ஒரு வெள்ளைத் திரையும் ஓர் எளிய ஒலியமைப்பும் நிறுவுவது பெருஞ்செலவன்று. பின்புற ஒலிபெருக்கிகளை வைக்க அங்கே சுவரும் உண்டு.

தொழிலாளி வாங்கிய பெட்டியைப் பார்த்து முகம் சுளிப்பதால் இயக்கத்திற்கு ஆவது ஒன்றுமில்லை. அந்த முகப்பில் உள்ள பொய்யை அவருக்கு விளக்குவதும், அதனை அமர்ந்து கேட்கும் மாலை நேரத்தை அவருடன் சேர்ந்து மீட்பதுமே செய்யத்தக்க பணி.