புகையில்லாத மூன்று புகைபோக்கிகள்

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில், டெஷூட்ஸ் நதிக்கரையில் பெண்ட் என்றொரு மலையூர். 1916-ல் அங்கே நதியின் இரு கரையிலும் இரண்டு மாபெரும் மர அறுவை ஆலைகள் ஓடத் தொடங்கின. முதலாளிகள் பைன் காட்டை வெட்டிச் சாய்த்தார்கள்; லாபம் குவித்தார்கள். பெருமரங்கள் அருகின. 1950-ல் ஓர் ஆலை மற்றதற்கு விற்கப்பட்டு மூடப்பட்டது. 1994-ல் மிஞ்சியதும் நின்றது. காட்டைத் தீர்த்தவன் தொழிலாளியா? வேலை போனது அவனுக்கு!

இன்று அந்த ஆலையின் மின்சாரக் கொட்டகையில் மலையேறுவோருக்கான சாமான்கள் விற்கிறார்கள். மேலே மூன்று புகைபோக்கிகள், அலங்காரத்துக்கு! 1988-ல் ஒரு பீர் காய்ச்சும் சாலை வந்தது. பின்னால் பல முளைத்தன. பனிச்சறுக்குக்கும் பீருக்கும் கூட்டம் குவிகிறது.

மலையேறுவதையோ ஒரு கோப்பை பீரையோ நாம் குறை சொல்லவில்லை. எட்டு மணி வேலைக்குப் போராடிய வர்க்கம் ஓய்வுக்கும் சேர்த்துத்தான் போராடியது. ஆனால் அங்கே கோப்பை கழுவுகிறவர்கள் பலருக்கு ஊர் வாடகை கட்டுபடியாகவில்லை. ரெட்மாண்டிலிருந்தும் பிரைன்வில்லிலிருந்தும் வந்துபோகிறார்கள். அதுவும் முடியாதவர்கள் ஊருக்குத் தெற்கே காட்டில் கூடாரத்திலும் வண்டியிலும் குடியிருந்தார்கள். 2025 மே மாதம், காட்டுத்தீ தடுப்பு வேலை என்று சொல்லி வனத்துறை அவர்களை வெளியேற்றியது. அவர்களில் அன்றாடம் வேலைக்குப் போய்வந்தவர்களும் இருந்தார்கள்.